ஒரு மூடி தண்ணீர், நாலு மூடி சந்தேகம்

போன வாரம் எனக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்திருக்கும். எல்லாம் பெட்ரோலால்!

ஊர் ஊராகச் சுற்றுகிற நான், இந்த வருடம் கீழச்சிவல்பட்டியில் ஒரு பூட்டிய வீட்டுக்குக் காவல் இருப்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். சம்பளம் சுமார். ஆனால் மழைக்கு ஒதுங்க ஓர் அறை உண்டு. போதாதா?

வீட்டுக்காரர் கோவையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்க வருவார். திரும்பும்போது ஸ்கூட்டர் டேங்கை நிறைத்து, முற்றத்து ஓரமாக நிறுத்திவிட்டுப் போவார். காலி டேங்க் துருப்பிடிக்குமாம். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, காலத்து வழக்கம்.

இந்த முறை உதைத்தார்... உதைத்தார்... வண்டி இருமக்கூட இல்லை. டேங்கில் இருந்ததைப் பாட்டிலில் வடித்தோம். அடியில் தனியாக, தண்ணீர் மாதிரி, நாலு விரல் உயரத்துக்கு ஏதோ நின்றது.

“ஏப்பா, பெட்ரோலை எடுத்துட்டுத் தண்ணிய ஊத்தி வச்சியா?”

சத்தம் போடவில்லை. ஆனால் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். வேலையும் அறையும் அந்தக் கொத்தில்தான் இருந்தன.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் ரஹீம் பாயிடம் போனோம். பாய் ஒரு பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றி, ஒரே ஒரு மூடி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் அடியில் தெளிந்து நின்றது.

“எம்புட்டு இருக்கும்யா?” என்றார் பாய்.

“நாலு மூடி இருக்கும்ப்பா,” என்றார் வீட்டுக்காரர்.

“நான் ஊத்துனது ஒண்ணுதானே? மிச்சம், இப்ப பெட்ரோல்ல கலந்து விக்கிறாகளே எத்தனால், அந்தச் சாராயம். தண்ணியக் கண்டதும் கூடச் சேந்து எறங்கிருச்சு. அத விட்டுட்டுக் காவக்காரரைப் பிடிச்சுட்டீக.”

டேங்க் மூடியின் ரப்பர் வெடித்து, மழைத்தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. லாரி கிளீனராக இருந்தபோது டீசலில் தண்ணீர் சேர்ந்தால், அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். டீசல் தண்ணீரோடு ஒட்டாது. பிறகு ஒரு சர்க்கரை ஆலையில் எத்தனால் டேங்கருக்குக் குழாய் மாட்டினேன். கரும்பிலிருந்து வருவது, புகை குறைவு. ஆனால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியாகத்தான் ஓடும். பெயின்ட் குடோனில் பார்த்த மெத்தனால் அதைவிடக் கம்மி — வாயில் போனால் கண்ணே போய்விடும். இரண்டுமே தண்ணீரைக் கண்டால் விடாது. ஆளின் குணம் பார்த்துப் பழகுகிற நாம், எரிபொருளின் குணத்தைப் பார்க்கிறோமா?

வீட்டுக்காரர் புது ரப்பர் போட்டார். ஊருக்குக் கிளம்பும்போது டேங்கை நிறைக்காமல், புதிதாக ஊற்றியதில் மிச்சமிருந்ததையும் சுத்தமாக வடித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, சாவிக்கொத்தை என் கையில் வைத்தார்.

வடித்த பெட்ரோல்? அதையும் அவரே என் மொபெட்டில் ஊற்றிவிட்டுத்தான் போனார்!