வேட்டிக்கு மேல் ட்ராக் சூட்

நீரிழிவென்கிற சீனி வருத்தம் வந்தவனுக்கு முதலில் பறிபோவது சீனியல்ல, மரியாதை. "இனிக் காலமையில நடக்கவேணும்" என்று டொக்டர் சொன்ன அன்றே என் மனைவி கனடாவில் இருக்கும் தன் தம்பிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டாள். என் வருத்தம் கடல் கடந்து போய்ப் பார்சலாகத் திரும்பி வந்தது. பிரித்தால் ஊதா நிறத்தில் ஒரு ட்ராக் சூட், பக்கவாட்டில் பச்சைக் கோடு. நைலோனோ பொலியெஸ்டரோ, தொட்டால் வழுக்கும், நடந்தால் சரசரக்கும். பனி கொட்டும் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள். விடியும்போதே வியர்க்கிற கொழும்பு வெள்ளவத்தையில் நான் அதற்குள் புட்டு மாதிரி அவிந்தேன்.

கொஞ்ச நாளில் இலாஸ்டிக் பிடிக்கிற இடுப்பும் தொடை இடுக்கும் சிவந்து தடித்தன. பிறகு தோல் வெடித்தது. அலுவலகத்தில் கோப்பு அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று சொறிவேன். அந்த அலுமாரியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

டொக்டர் பார்த்துவிட்டுக் கத்தினார். "இது உடுப்பில்லையப்பா, பிளாஸ்டிக்! மீனைப் பிளாஸ்டிக் பையில கட்டி வெயிலில வச்சா என்ன நடக்கும்? அதுதான் உமக்கு நடந்திருக்கு. சீனிக்காரருக்குப் புண் லேசில ஆறாது. இப்பிடியே விட்டீரெண்டா வெட்டித்தான் எடுக்கவேணும். உடம்பில படுறது பருத்தியா இருக்கட்டும்." எதை வெட்டி எடுப்பார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பருத்தியில் ட்ராக் சூட் தேடிப் புறக்கோட்டைக் கடைவீதி முழுக்க அலைந்தேன். கடைகளில் தொங்கியதெல்லாம் என்னுடையதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள். நல்ல பருத்தி உடுப்பெல்லாம் இங்கே தைத்து அப்படியே கப்பல் ஏறிவிடும் என்றார் ஒரு கடைக்காரர். வெள்ளைக்காரன் எங்கள் பருத்தியைப் போட்டுக்கொண்டு ஓட, நான் அவனுடைய பிளாஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு சொறிந்தேன்.

"சாரத்தோட போறன்" என்றேன் மனைவியிடம். வீட்டில் லுங்கி மாதிரிச் சுற்றிக் கட்டுகிற பருத்திச் சாரங்கள் அடுக்காக இருந்தன.

"சாரத்தோடயோ? நேற்றுத்தான் வவுனியா பஸ்ஸில வந்து இறங்கின ஆள் மாதிரி இருப்பீங்கள். பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

அவள் சொன்னதில் பிழையில்லை. அது கொழும்பில் தற்கொலைக் குண்டுகள் வெடித்த சண்டைக் காலம், வடக்கிலிருந்து வந்த தமிழன் என்று தெரிந்தாலே பிடிப்பார்கள். கீழ் வீட்டுக்காரர் வேட்டி சட்டையுடன் காலை நடை போனவரை ஆமிக்காரர்கள் விசாரணைக்கென்று ஏற்றிப் போய்ப் பின்னேரம்தான் விட்டார்கள். அதோடு நடையை மறந்துவிட்டார். என்னையோ அந்த ஊதா நிறத்தில் பார்த்த ஆமிக்காரர்கள் ஏதோ கம்பனி முதலாளி என்று நினைத்துக் 'குட் மோர்னிங்' சொன்னார்கள். தோலைக் காப்பாற்றுவதா, தோலுக்குள் இருக்கிற ஆளைக் காப்பாற்றுவதா என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. ஆள் விஷயத்தில் மனைவி மிகவும் கண்டிப்பு. படியிறங்கும் முன் பொட்டை அழித்துவிடுவாள். வீதியில் தமிழில் ஒரு சொல் கதைக்கவும் என்னை விடமாட்டாள்.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். "டொக்டர் என்ன சொன்னவர்? உடம்பில படுறதுதானே பருத்தியா இருக்கவேணும்? வெளியில என்ன கிடந்தா என்ன?" பழைய எட்டு முழ வேட்டியொன்றை எடுத்தாள். என்னை மரக்குத்தியைப் போல நிற்கவைத்து, வயிற்றிலும் இடுப்பிலும் தொடையிலுமாகச் சுற்றிச் சுற்றி இறுக்கிச் செருகினாள். அதன்மேல் ட்ராக் சூட்டை இழுத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். தலையும் காலும் என்னுடையவை, நடுவில் வேறு யாரோ இருந்தார். ஆனால் அந்தக் கணத்தில் அரிப்பு இல்லை. இரண்டு பேருக்கும் எங்கள் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. இடுப்பில் தடிப்பாக எதையோ கட்டி மறைத்துக்கொண்டு ஒரு தமிழன் சோதனைச் சாவடியை நோக்கி நடக்கப்போகிறான் என்பது, படித்த எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் ஒழுங்கை கடற்கரையைத் தொடும் இடத்தில் மண்மூட்டை அடுக்கிய சாவடி. நான் காலை அகட்டி அகட்டிப் போனேன். பாதி வழியில் வேட்டி நழுவத் தொடங்கியது. பிடித்து மேலே இழுக்க ட்ராக் சூட்டுக்குள் கையை விட்டேன்.

"அத் உஸ்ஸன்ன!"

கையைத் தூக்கச் சொல்லி ஒரு புது ஆமிப் பெடியன் சிங்களத்தில் கத்தினான். துவக்கு என் வயிற்றைப் பார்த்தது. பக்கத்தில் நின்றவன் மூட்டைக்குப் பின்னால் குந்திவிட்டான். கைகளைத் தூக்கினேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கடல் தெரியவில்லை. இன்னொரு அடி வைத்தால் முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது. அவன் துவக்கோடு பின்வாங்கி மண்மூட்டையில் இடித்துக்கொண்டான். நான் பயந்ததைவிட அவன் கூடுதலாகப் பயந்தான் என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மேற்சட்டையைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். வெள்ளைத் துணி தெரிந்ததும் இன்னும் உரக்கக் கத்தினான்.

"ரெத்தக், சேர்! கபு ரெத்தக்!" துணி, பருத்தித் துணி என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானும் கத்தினேன். அவிழ்க்கச் சொன்னான். நடுவீதியில் நின்று அவிழ்த்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ட்ராக் சூட் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பேக்கரிக்குப் பாண் வாங்க வந்த சனம் பாணை மறந்து பார்த்தது. கடைசியில் வேட்டி தரையில் கிடந்தது, நான் என் சிவந்த தடிப்புகளோடு கடற்காற்றில் நின்றேன். துவக்குக்காரன் தடிப்பைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது ஒழுங்கையில் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. மாடியில் நின்று பார்த்த என் மனைவி, வீட்டில் போடும் நைட்டியோடு, தோளில் துவாயோடு ஓடிவந்தாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

"சுடாதேங்கோ! தம்பி, சுடாதேங்கோ! அவருக்கு வருத்தம்!" முழுக்கத் தமிழில் கத்தினாள். வந்த வேகத்தில் எனக்கும் துவக்குக்கும் நடுவில் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "காற்சட்டையை மேல இழுங்கோ!" என்றாள். அவர்களில் தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவன் சிரித்துவிட்டான். துவக்கு இறங்கியது. அடையாள அட்டையைப் பார்த்து, வேட்டியை உதறிப் பார்த்து, போகச் சொன்னார்கள்.

வேட்டியை அவள் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். பிளாட்டின் படிக்கட்டில் குந்திவிட்டாள். நான் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தேன்.

"என்ர கையாலதானே சுத்தி விட்டனான்" என்றாள். "நான்தானே சுத்தி விட்டனான்." திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். அவள் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

நடக்காமல் இருக்க முடியாது, சீனி அதற்கெல்லாம் இரங்காது. அடுத்த நாள், படித்த எங்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்கவேண்டிய தளர்ந்த பருத்திச் சட்டையும் பழைய பருத்திக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவளும் கூட வந்தாள். சாவடியில் அதே பெடியன் நின்றான். எங்களைக் கண்டு சும்மா போகும்படி தலையசைத்தான். அவள் போகவில்லை. என்னை அவன் முன்னால் நிறுத்தி, என் சட்டையைத் தன் கையாலேயே தூக்கி, என் வெறும் வயிற்றை அவனுக்குக் காட்டினாள்.