மோந்து சொல்ல ஒரு வெளியூர் மூக்கு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். கல்லூரி மூடியதும் சங்கராபுரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன். ஜவ்வரிசி மில்லின் கழிவுநீர் எங்கள் கிணற்றில் ஊறிப் பயிர் கருகியது. கிணற்றைத் தூர்த்துவிடப் போவதாக அப்பா சொன்னார். சும்மா இருப்பேனா? கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். கிணற்று நீரை இரண்டு பானைகளில் எடுத்தேன். ஒன்றை மூடிவைத்தேன். மற்றதில் வயல் மண்ணைக் கரைத்து, காற்றுப் படும்படி தினமும் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

நாற்றம் குறைந்தால் கழிவும் குறைகிறது என்று அர்த்தம். ஆனால் மோந்து மோந்து என் மூக்கு மரத்துவிட்டது. வேறு யாராவது மோந்து சொல்ல வேண்டும். பையன்கள் எல்லோரும் மறியலில் இருந்தார்கள். ஆளில்லாமல் பானைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள், சோறு தின்ன வந்த நண்பனை இழுத்துவந்தேன். இரண்டையும் மோந்தான்.

“நாத்தமா? எங்கடா கீது? ஊரே ரோட்ல குந்திகினு கீது, நீ தண்ணிய மோந்துகினு கீற!”

மில்லை ஒட்டியே வளர்ந்த மூக்கு. ஊரில் எல்லா மூக்கும் அப்படித்தான். வெளியூர் மூக்கு வேண்டுமென்றால் பேருந்து வர வேண்டும்.

சாலை திறந்த அன்று, பானைக்கு ஒன்றாக நீர் பிடித்த இரண்டு பாட்டில்களோடு பேருந்துக்கு ஓடினேன்.

“இன்னா தம்பி, மலைச் சரக்கா?” என்ற கண்டக்டர் முதல் பாட்டிலை மோந்ததும், “அய்ய, தூர எடு!” என்றார். அடுத்ததை மோந்து, “இது மழ பேஞ்ச மண்ணு மாதிரி கீதே” என்றார்.

“அண்ணே, அது எப்படின்னா…”

விசில் அடித்துவிட்டார். அப்பாவிடம் சொல்ல விடை கிடைத்துவிட்டது. எப்படி என்று கேட்கத்தான் யாருமில்லை.