கருகாத மிளகாய்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். படித்தவர்கள் எழுதும் இடத்தில் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எனக்குப் பேய், திருஷ்டி எதிலும் நம்பிக்கை இல்லை. இருந்த கொஞ்சமும் டெக்ஸாஸ் வந்த புதிதில் போய்விட்டது. பிளானோ அபார்ட்மெண்டில், கைக்குழந்தையாக இருந்த என் மகள் பிரியாவுக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். ஸ்மோக் அலாரம் அலறியது, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. தும்மிக்கொண்டே உள்ளே வந்தவரிடம் என் கணவர் "குக்கிங், குக்கிங்" என்று சமாளித்தார். அதோடு விட்டேன்.

தொண்ணூற்றெட்டு என்று நினைவு. பிரியாவுக்கு ஐந்து வயது. கணவரின் ஆபீஸ் நண்பர் மிஹாய் தன் தங்கை கல்யாணத்துக்கு அழைத்தார். அவர் ஊர் ருமேனியாவில், டிரான்சில்வேனியா மலைப்பக்கம். "கிரீன் கார்டுதான் வந்துருச்சே, இனி எங்க வேணா போலாம்" என்று கணவர் டிக்கெட் போட்டார். அங்கே என்ன கிடைக்குமோ என்று நான் ரைஸ் குக்கர், பருப்புப்பொடி, ஒரு பொட்டலம் காய்ந்த மிளகாய் எல்லாம் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஊரை இப்போது நினைத்தாலும் மனசு குளிரும். வைக்கோல் ஏற்றிய குதிரை வண்டிகள், பிளம்ஸ் மரத்தடியில் கோழிகள், மேலே குன்றில் ஒரு பழைய கோட்டை. கல்யாணத்துக்கு முந்தின நாள் கோட்டையைப் பார்க்கப் போனோம். ஒரு படிக்கட்டில் பிரியா நின்றுவிட்டாள்.

"மாம், ஹூ இஸ் தட் லேடி?"

அங்கே யாருமில்லை.

நாங்கள் தங்கியிருந்த மிஹாய் வீட்டுக்குத் திரும்புவதற்குள் பிரியாவுக்கு உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. டாக்டரைக் கூட்டிவர மிஹாயும் கணவரும் கீழே டவுனுக்குக் காரில் ஓடினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் கல்யாண வேலையாக வெளியே போயிருக்க, வீட்டில் நானும் மிஹாயின் அம்மாவும் மட்டும். அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது. குழந்தை கையை விட்டுப் போய்விடுமோ என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

அந்த அம்மா பிரியாவைப் பார்த்தார். கொட்டாவி விட்டார், மறுபடியும் விட்டார், கண்ணில் நீர் வழிய வழிய விட்டார். எங்கள் ஈரோட்டில் திருஷ்டி கழிப்பவர்களுக்கும் இப்படித்தான் வரும். கணப்பு அடுப்பிலிருந்து ஒரு நெருப்புத் துண்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு ஏதோ முணுமுணுத்தார். அது மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்தது. அவர் முகம் மாறியது.

எனக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து மிளகாயும், சமையலறையிலிருந்து உப்பும் எடுத்து வந்தேன். என்ன இது என்று அவர் கேட்கவில்லை. "டா, டா" என்று, ஆமாம் சொல்வதுபோல், தலையாட்டினார். நான் சுற்றினேன். துப்பச் சொல்லிக் குழந்தையின் வாயருகே என் கையைக் கொண்டுபோகுமுன், அவரே "தூ, தூ" என்று செய்து காட்டினார்! எல்லாவற்றையும் கணப்பில் போட்டேன். ஜன்னல் சாத்திய அறை. நெடி துளிகூட இல்லை, இருவருக்கும் ஒரு இருமல் வரவில்லை.

டாக்டர் வந்தபோது பிரியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "மாம், ஐம் ஹங்ரி."

காலையில் கணப்பை ஒதுக்கும்போது பார்த்தால், விறகெல்லாம் சாம்பல், மிளகாய் மட்டும் கடையில் வாங்கியதுபோல் சிவப்பாகக் கிடந்தது. அந்த அம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, இடுக்கியால் எடுத்து ஓடைத் தண்ணீரில் விட்டார்.

"ஈரமா இருந்திருக்கும், விடு" என்றார் கணவர். "பிளானோல போய் இதைச் சொல்லிட்டிருக்காத, சிரிப்பாங்க."

"ஏனுங்க, விறகே சாம்பலாயிருச்சு, மொளகா மட்டும் எப்படிங்க?"

அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. மிளகாயைக் காம்பு கிள்ளித்தான் நான் பொட்டலம் கட்டுவேன். சாம்பலில் கிடந்தவற்றில் காம்பு இருந்தது. பச்சைக் காம்பு.

அன்று மத்தியானம் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. பிரியா இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள்.