துப்பாக்கி எடுக்காத ஆட்டக்காரர்

வெளிமாநிலத்தில், வானவடி என்ற பகுதியில், எங்கள் கீழ்வீட்டில் இருந்தார், ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ் அம்மாள். ஒட்ட வெட்டிய நகம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. கீபோர்டைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்துவிடுவார்.

நான் ஐ.டி.க்காரன் என்பதால் ஒருநாள் கூப்பிட்டார். விரல் நடுக்கத்தால் போனில் ஆட முடியாமல், ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை எமுலேட்டர் மூலம் கம்ப்யூட்டரில் போட்டிருந்தார்.

"நின்னு நின்னு ஓடுது தம்பி. நான் போய்ச் சேர்றதுக்குள்ள பையன் செத்துப் போறான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தப் பையன் ஆன்ட்டி?"

"என் டீம் பையன்தான்."

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதியை இயக்கி, எமுலேட்டருக்குக் கூடுதல் ராம் நினைவகம் ஒதுக்கினேன். கேம் தடையில்லாமல் ஓடியது. ஆனால் அவர் ஒரு துப்பாக்கியையும் எடுக்கவில்லை. குண்டுகளுக்கு நடுவே ஓடி, அடிபட்டு விழுந்த கூட்டாளிகளை எழுப்பிக்கொண்டே இருந்தார்.

"சுடவே மாட்டீங்களா?"

"அதுக்கு ஆள் இருக்காங்க. வார்டுல எத்தனையோ பசங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன், எழுந்திருக்கல. இங்க கை வச்சா எழுந்துடறாங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆட்டத்தைப் பார்த்தேன்.

கடைசியில் அவரே அடிபட்டு விழுந்தார். அவர் எழுப்பிவிட்ட இருவரும் அவரைத் தாண்டியே ஓடிப் போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவரோ அமைதியாக அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினார்.

நானும் அதே கேமை வருடக்கணக்காக ஆடுகிறவன்தான். விழுந்தவர்களை எத்தனை முறை தாண்டி ஓடியிருக்கிறேன் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.