செபஸ்தியார் சரிந்த பக்கம்

கரம்பொன் சவிரிமுத்து வரவரக் கட்டையாகிக்கொண்டு வந்தான். இதை முதலில் கண்டுபிடித்தது என்னுடைய தோள்தான். புனித செபஸ்தியார் பெருநாளில் அவருடைய சிலை இருக்கிற சுருவக் கூட்டை நாலு கொம்பிலும் நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்குவோம். நாலு பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் கோயில் வழக்கம். முன் வலது கொம்பு சவிரிமுத்துவுக்கு. அவனுடைய தகப்பன் தூக்கிய கொம்பு அது, உயிரை விட்டாலும் அதை விடமாட்டான். அவனுக்குப் பின்னால் நான். அவன் உயரம் குறையக் குறையப் பாரமெல்லாம் என்மேல் ஏறியது. அறுபத்தெட்டாம் ஆண்டு பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"டேய், நீ தூக்கிறியோ, இல்லாட்டிக் கொம்பிலை தொங்கிறியோ?"

"உன்ரை கண்ணிலை கோளாறு, யாக்கோப்பு," என்றான்.

அடுத்த ஆண்டு தோளில் துவாயை மடித்து வைத்தான். பிறகு சாக்கு. அதற்கும் பிறகு ஒரு தலையணை! வெட்கங்கெட்ட மனுசன். அப்படியும் செபஸ்தியார் தெருவில் வலப்பக்கம் சரிந்தபடிதான் வந்தார். வலப்பக்கத்து வீட்டுக்காரர், புனிதர் தங்களைக் குனிந்து பார்க்கிறார் என்று அழுது கும்பிட்டார்கள். இடப்பக்கத்துச் சில்வெஸ்ரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நாங்கள் என்ன பாவியளோ? அடுத்தமுறை மற்றப் பக்கத்தாலை சுத்தி வரவேணும்!" என்று பங்குச் சுவாமியாரிடம் சண்டைக்குப் போனார்.

முதுகு நோ தாங்காமல் சவிரிமுத்து யாழ்ப்பாணம் போய் டொக்டரிடம் காட்டினான். அங்கே நடந்ததை அவனே பிறகு எனக்குச் சொன்னான். எலும்பு தேய்ந்து உள்ளே கோறையாகிவிட்டது, அதனால்தான் குறுகிப் போகிறான் என்று சொல்லி, ஒரு போத்தல் கல்சியம் குளிசை கொடுத்தாராம் டொக்டர். பாலும் குடிக்கட்டாம், நெத்தலியை முள்ளோடு தின்னட்டாம்.

"ஐயா, அது பிள்ளை பெத்த பொம்பிளையளுக்கு வாற வருத்தமெல்லோ?"

"ஆம்பிளையளுக்கும் வரும். விடாமல் போடும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் வந்து குந்தியவர் சில்வெஸ்ரர். யாருக்கு மருந்து என்று கேட்டார். பொம்பிளை வருத்தம் என்று ஊருக்குத் தெரிந்தால் கொம்பு கைவிட்டுப் போய்விடும். "மனுசிக்கு," என்றான் சவிரிமுத்து, பாலையும் நெத்தலியையும்கூட அவள் கணக்கிலேயே எழுதிவிட்டான்.

வந்தது வினை. அவன் வீட்டுப் படலையைத் திறக்கமுன் கதை ஊரெல்லாம் போய்விட்டது. பெண்டுகள் ஆட்டுப்பாலும் நெத்தலியுமாக அவன் மனைவி ஞானசவுந்தரியைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவளோ விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற மனுசி.

"டொக்டர் என்னைக் காணவே இல்லையே!" என்றாள்.

"நான் விளக்கமாச் சொன்னனான். நீ தின்."

தின்றாள். பாலும் குடித்தாள், நெத்தலியும் சாப்பிட்டாள். போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைச் செபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஒருநாள் அலுமாரி திறந்து கிடந்த நேரம் சவிரிமுத்து ஒரு குளிசையை எடுக்கப் போய்ப் பிடிபட்டான். "பொம்பிளையளின்ரை மருந்தைத் திண்டால் மீசை கொட்டும்!" என்று கையிலே ஒரு அடி போட்டாள். அதோடு அவன் அந்த அலுமாரிப் பக்கம் போகவில்லை.

அந்த ஆண்டுப் பெருநாளில், சரியாகச் சில்வெஸ்ரர் வீட்டு முடக்கில் திரும்பும்போது, சவிரிமுத்து "அம்மோ!" என்று தலையணையோடு நிலத்தில் இருந்துவிட்டான். செபஸ்தியார் ஆடினார். என் தோள் கழன்று போகப் பார்த்தது. "ஐயோ மாதாவே!" என்று சனம் கத்த, பெண்கள் வரிசையிலிருந்து ஓடிவந்த ஞானசவுந்தரி கொம்புக்குக் கீழே தோளைக் கொடுத்தாள்.

செபஸ்தியார் நேரே நிமிர்ந்தார். இத்தனை ஆண்டுக்குப் பிறகு எனக்கும் பாரம் குறைந்தது. பொம்பிளை கூடு தூக்குவதாவது என்று சில்வெஸ்ரர் வாயெடுத்தார். சுவாமியார் சுருவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "நடவுங்கோ" என்றார்.

நிலத்தில் இருந்தபடி சவிரிமுத்து ஊர் கேட்கக் கத்தினான். "அது நான் திண்டிருக்க வேண்டிய குளிசையள்!"

அவள் திரும்பாமலே கேட்டாள். "அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்னைவிடக் கட்டையாப் போனன் எண்டு உனக்குத் தெரியக்கூடாதெண்டுதான்."

"நாலு வரியமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்," என்றாள்.

இப்போது கொம்பு அவளுக்கு. செபஸ்தியார் ஒரு பக்கமும் பார்க்கிறாரில்லை என்று இரண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கும் கோபம். சவிரிமுத்து மெழுகுதிரியோடு அவளுக்கு முன்னால் நடக்கிறான். கோயில் வாசலில், எல்லாருக்கும் முன்னால், அவள் கையால் தருகிற குளிசையை வாங்கி விழுங்குகிறான். மீசை இன்னும் கொட்டவில்லை.