அப்பாவுக்குக் காற்றுப் பிரிந்த மாலை

எழுபத்தொன்பது வயதில் அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்றதும் அம்பத்தூர்ச் சொந்தங்கள் எல்லாம் ஒரே குரலில், "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" என்றன. வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை, சின்னத் துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்வார்கள் என்று விளக்கி விளக்கி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாளே அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டில் நடந்தார். ஆனால் டாக்டருக்கு ஒரே கேள்விதான்: காற்றுப் பிரிந்ததா? குடல் மறுபடி வேலை செய்வதற்கு அதுதான் அடையாளமாம். அது தெரிந்த பிறகுதான் கஞ்சி. அப்பாவோ சர்ச்சில் மூப்பர். எங்கள் முன்னால் ஏப்பம்கூட விட்டதில்லை. நர்ஸ் கேட்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

சாயங்காலம் ஜெபிக்கப் போதகரும் சபையாரும் வந்தார்கள். கத்தி வேண்டாம் என்று என்னிடம் சண்டை போட்ட சித்தப்பாவும் பவ்யமாக நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா போதகரிடம் நேராகவே சொன்னாள்: "ஐயா, வேற ஒண்ணும் வாணாம். இவருக்குக் காத்து போவணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

போதகர் சற்றுத் தடுமாறிவிட்டுக் கண்களை மூடினார். "ஆண்டவரே, உமது தாசனின் சரீரத்தில் அடைபட்டிருப்பதை எல்லாம் திறந்தருளும்..."

கட்டிலிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அப்பா போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

"ஆமென்!" என்று அம்மா மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏய், நர்ஸக் கூட்டியா. கஞ்சி கொண்டாரட்டும்."