வாவிக்கு முதுகு காட்டி

செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாவிக்கு முதுகைக் காட்டியபடி உட்காருவார் ருக்கியா ராத்தா. வேஸ் பார்க்குக்கு மூச்சிரைக்க மேடேறி வருகிற எல்லோரும் கீழே தெரியும் கண்டி வாவியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஒரே குடைக்குள் இரண்டு தலைகளை ஒளித்துக்கொள்ளும் காதலர்கள்கூட இடைக்கிடை தண்ணீரைப் பார்ப்பதுண்டு. இவர் மட்டும் மேட்டுப் புல்லையும் அதன் நடுவே நிற்கும் ஒரு குப்பைத்தொட்டியையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "தண்ணியப் பாத்தா, அவருக்கு தண்ணி பருக்கினேனா இல்லையாண்டு நெனப்பு வருது தங்கச்சி" என்றார்.

அவர் என்றது கணவர் மக்கீன் நானாவை. கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருந்த மனிதர். பாரிசவாதம் அடித்து, கட்டுகலையில் உள்ள வீட்டில் வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். மகன் கட்டாரில். மகள் ஸஹ்ரா நாவலப்பிட்டியில், கைக்குழந்தையோடு. துடைப்பது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாவற்றுக்கும் ராத்தாவின் இரண்டு கைகள்தான். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டு அஸீமா வந்து கட்டிலருகே கதிரையைப் போட்டுக்கொள்வாள். அதன்பிறகுதான் ராத்தாவுக்கு வாசல் திறக்கும். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் வீட்டுக்குள் இருப்பார்.

சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் விரட்டியதால் பூங்காவுக்குப் போகத் தொடங்கியவள் நான். ராத்தாவைக் கண்டபிறகு நடை குறைந்து இருப்பு கூடிவிட்டது. சீனி எவ்வளவு என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கடலை வாங்கி நீட்டினால் வேண்டாம் என்பார். கை வெறுமையாக இருப்பதுதான் தனக்கு ஓய்வாம். விடிந்ததிலிருந்து தண்ணீர்ப் பேசினும் துவாயும் கரண்டியுமாக இருந்த கைகள் அல்லவா? ஆனாலும் அந்தக் கைகள் முழுக்க வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. வலது உள்ளங்கையில் கைத்தொலைபேசி எப்போதும் முகம் மேலே பார்க்கக் கிடக்கும்.

அவருடைய கொட்டாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயைப் பொத்தாமல், கண்ணில் நீர் வடிய, அடுத்த பெஞ்சில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக விடுவார். வீட்டில் விட மாட்டார். மக்கீன் நானாவுக்கு முன்னால் கொட்டாவி விட்டால் அந்த மனிதரின் கண் கலங்கிவிடுமாம். அதனால் நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததை இங்கே கொண்டு வந்து ஒவ்வொன்றாக விடுவார். முதல்நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கம்பளையில் இருந்து நோயாளி பார்க்க வந்த நாத்தனார் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். கணவன் மௌத்தானால் விதவை நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டோடு இத்தா இருக்க வேண்டுமே, அதற்கு முன்னால் ஊர் சுற்றி முடித்துக்கொள்கிறாள் என்று. கேட்ட எனக்கே நெஞ்சு எரிந்தது. இத்தா இருப்பது அவருக்குச் செய்கிற மரியாதை, அதை யாரும் தனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்று ராத்தா நிதானமாகச் சொன்னார். அவருடைய பயம் வேறு. அதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

"அவர் போற நேரம் நான் பக்கத்துல ஈக்கோணும். கலிமாவ நான்தான் சொல்லிக் குடுக்கோணும். இப்ப என்ட பேச்சு மட்டும்தான் அவருக்கு வெளங்குது. வேற ஆள் சொன்னா சத்தம் மட்டும்தான் கேக்கும்."

உயிர் பிரிகிறவரின் காதருகே, அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்ற கலிமாவை மெல்லச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வழக்கம். கடைசியாக நாவிலும் மனதிலும் அது இருக்க வேண்டும். மாலைதோறும் ராத்தா இங்கே வந்து உட்கார்ந்தது, அந்தக் கடைசி நிமிடம் இந்த நேரத்தில் வந்துவிடக்கூடாதே என்று அஞ்சிக்கொண்டுதான். அப்படியானால் வராமலே இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வராமல் இருந்தும் பார்த்தார்.

நாத்தனாரின் சொல்லுக்குப் பிறகு சில நாட்கள் பெஞ்ச் வெறுமையாகக் கிடந்தது. திரும்பி வந்த அன்று ராத்தா கொட்டாவி விடவில்லை, அழுதார். வெளியே போகாமல் இருந்து இருந்து, ஒரு மத்தியானம் கஞ்சியை ஊட்டும்போது மக்கீன் நானா விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்க, இவர் கரண்டியை வேகமாக வாய்க்குள் தள்ளிவிட்டாராம். உதடு கிழிந்து இரத்தம் வந்துவிட்டது. நானாவோ, கட்டிலின் ஓரத்தில் கிடந்த ராத்தாவின் ஸ்கார்ஃபை இடது கையால் இழுத்து இழுத்து, அவர் மடிமேல் போட்டாராம். போய்விட்டு வா என்று.

"அவருக்கு தெரியும் தங்கச்சி. நான் இங்க வந்து போனாத்தான் அவருக்கு நல்லவளா ஈக்க ஏலும்" என்றார் ராத்தா. இதைவிட நேர்மையாக ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மழை வரப் பார்த்த ஒரு பின்னேரம் அந்தத் தொலைபேசி அடித்தது. அஸீமாதான். நானாவுக்கு மூச்சு இழுக்கிறது, ஓடி வாருங்கள் என்றாள். மேட்டில் இருந்து எப்படி இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. கிடைத்த முச்சக்கரவண்டியில் ஏறி வாவிக்கரைக்கு வந்தால், அலுவலகம் விட்ட வாகனங்களும் பஸ்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வண்டி நகரவில்லை. இறங்கி நடந்தாலும் கட்டுகலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது. நான் சாரதியை அவசரப்படுத்தினேன். அந்தச் சிங்களத் தம்பி கையை விரித்தான்.

ராத்தா என்னையும் பார்க்கவில்லை, பாதையையும் பார்க்கவில்லை. அஸீமாவை அழைத்து, லவுட் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அஸீமா, ஃபோன அவர்ட காதுக்குக் கிட்ட வை."

பிறகு கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். உரக்க அல்ல. நோயாளிக்கு ஊட்டுகிறவர்கள் ஒரு கரண்டி கொடுத்துவிட்டு விழுங்கும்வரை காத்திருப்பார்களே, அப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். "லா இலாஹ…" மறுமுனையில் கரகரவென்று ஒரு மூச்சு கேட்டது. "…இல்லல்லாஹ்." சாரதி வானொலியை நிறுத்தினான். ராத்தாவின் குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

மூச்சுச் சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அஸீமாவின் குரல் வந்தது, அமைதியாக இருந்தார், உங்கள் பேச்சுக்குக் கண்ணைத் திறந்து பார்த்தார், முடிந்துவிட்டது ராத்தா என்று.

ராத்தா அழைப்பைத் துண்டிக்கவில்லை. எங்களை ஒட்டி நின்ற பஸ் நீளமாக ஹோர்ன் அடிக்கவும், அந்தச் சத்தம் கணவர் காதில் விழாதபடி, தொலைபேசியை அவசரமாக உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.